நான்காவது நகல் ஊருக்கு வேண்டும்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்புக்குரிய தலைவர், உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில், 22ஆம் பிரிவில், ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. ஆலையின் கழிவுநீர் வெளியேறும் இடத்தில் எடுத்த மாதிரியைப் பரிசோதித்த ஆய்வாளர், தம் அறிக்கையை மூன்று நகலாக வாரியத்துக்குத் தர வேண்டும். ஒரு நகல் ஆலைக்காரருக்குப் போகும். இன்னொன்று, வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் காட்டுவதற்காகப் பத்திரப்படுத்தப்படும். மூன்றாவது வாரியத்தின் கோப்பில் இருக்கும். அந்தக் கழிவு கலந்த ஆற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவருக்கும், மாட்டை அங்கே தண்ணீருக்கு ஓட்டிப் போகிறவருக்கும், ராத்திரி போன் செய்து புகார் சொன்னவருக்கும் நகல் கிடையாது.

நான்காவது நகல் ஒன்றை எடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல். இதை ஒரு காகிதத்தின் கோரிக்கையாக மட்டும் பார்க்க வேண்டாம். அந்த அறிக்கை ஊருக்கு வரும் என்றானால், மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, எந்தக் குப்பியில், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் கழித்து ஆய்வகம் போனது என்ற ஒவ்வொன்றும் சரியாக நடந்தாக வேண்டியிருக்கும். இன்று பல புகார்கள் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல. மாதிரி சரியில்லாததால், அல்லது மாதிரியே இல்லாததால்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். கழிவை ரகசியமாகத் திறந்துவிடுகிறவர் பகல் பதினொரு மணிக்குத் திறப்பதில்லை. நள்ளிரவு, கனமழை, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி விடுமுறை, இவைதான் அதற்கான நேரங்கள். ஆற்றில் நீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 1.8 கிலோமீட்டர். இரவு பத்து மணிக்குத் திறந்துவிட்ட சாயநீர், மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கும்போது இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் போயிருக்கும். வந்தவர் தெளிந்த தண்ணீரைப் பார்ப்பார், தெளிந்த தண்ணீரையே மாதிரி எடுப்பார், "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கை அதற்குப் பிறகு ஆலைக்குச் சாதகமான ஆவணமாகக் கோப்பில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. மாதிரியே எடுக்காமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை.

இரவில் உள்ளே போக முடியாது என்ற காரணத்தை ஏற்க இயலாது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, வாரியம் அதிகாரம் அளித்தவர் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் நுழையலாம் என்கிறது. குடியிருப்பு வளாகத்தில் உள்ள கிணற்றைப் பார்க்கப் போனால் மட்டும்தான் உகந்த நேரம் என்ற கட்டுப்பாடு. ஆலைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே முதல் கோரிக்கை: சாயப்பட்டறைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் ரசாயன ஆலைகளும் அடர்ந்த மாவட்டங்களில், இரவுப் புகார் வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் குப்பியோடும் பனிக்கட்டிப் பெட்டியோடும் ஒரு குழு இடத்தில் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை உண்மையான சிக்கல்தான், மறுக்கவில்லை. அதற்கு ஒரு வழி கருவி. 24 குப்பிகள் கொண்ட, குளிரூட்டிய தானியங்கி மாதிரி எடுப்பான்களை ஆற்றின் சில இடங்களில் நிறுத்தலாம். கரைந்த உப்பு கூடக் கூட ஏறும் நீரின் மின்கடத்துதிறன் குறிப்பிட்ட அளவைத் தாண்டியவுடன் அதுவே மாதிரி எடுத்துக்கொள்ளும். நொய்யலில் திருப்பூருக்குக் கீழே ஒன்று, ஒரத்துப்பாளையம் அணைக்கு முன்னால் ஒன்று. பாலாற்றில் வாணியம்பாடிக்குக் கீழே ஒன்று, ராணிப்பேட்டைக்குக் கீழே ஒன்று என்று தொடங்கலாம். அந்தக் குப்பிகளை வைத்து ஆலைமேல் வழக்குப் போட முடியாது. சட்டப்படியான மாதிரியை ஆலையின் வாயிலில்தான் எடுக்க வேண்டும். ஆனால் எந்த நாள், எந்த மணி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவை காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை குழு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது குப்பி. வெளியார் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் வழக்கைத் தோற்கடிக்கும் பிழைகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

எண்ணெய்க்கான மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனில் எடுத்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் ஊற்றும்போது தண்ணீர் மட்டும் வரும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி. பார்க்கும் மாதிரி, எடுத்த நிமிடத்திலிருந்து பனிக்கட்டியில் இருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை தொடங்க வேண்டும். மே மாத வெயிலில் ஜீப்பின் பின்பக்கத்தில் அது கிடந்தால், உள்ளே இருக்கும் பாக்டீரியா வழியிலேயே கழிவைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஆய்வகத்தில் வரும் எண் குறைவாகத்தான் இருக்கும். குரோமியம் இன்னும் நுட்பமானது. மொத்தக் குரோமியம் பார்க்க நைட்ரிக் அமிலம் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனால் நச்சு மிகுந்த வடிவமான அறுவலு குரோமியம் பார்க்க வேண்டிய குப்பியில் அமிலம் ஊற்றினால், கழிவில் இருக்கும் கரிமப் பொருள் அதை மூவலுக் குரோமியமாக மாற்றிவிடும். நச்சு மிகுந்தது எது என்று தேடிப் போனோமோ அது குப்பிக்குள்ளேயே மறைந்துபோகும். மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அறுவலுவுக்கு 0.1. இருபது மடங்கு வித்தியாசம். ஒரே குப்பியில் இரண்டையும் பார்த்த அறிக்கை ராணிப்பேட்டையில் எதற்கு உதவும்?

பிறகு 21ஆம் பிரிவின் நடைமுறை. பரிசோதிக்கப் போகிறோம் என்ற அறிவிப்பை அங்கேயே அப்போதே ஆலைப் பொறுப்பாளரிடம் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு கலனுக்கும் முத்திரை வைத்து, எடுத்தவரும் பொறுப்பாளரும் கையெழுத்திட வேண்டும். பொறுப்பாளர் வேண்டுமென்றே ஒதுங்கிப் போனால், அதற்கும் வழி சொல்லியிருக்கிறது: எடுத்தவரே முத்திரையிட்டு, அவர் இல்லாத விவரத்தை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவித்து அனுப்பலாம். இதில் ஒரு படி தவறினாலும் அந்த மாதிரி நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. எனவே ஒவ்வொரு அறிக்கையிலும் சில வரிகள் கூடுதலாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்: எடுத்த நேரம், இடத்தின் ஆயத்தொலைவு, அங்கேயே பார்த்த கார அமிலத் தன்மையும் வெப்பநிலையும், குப்பியின் வகை, சேர்த்த பாதுகாப்பு ரசாயனம், ஆய்வகத்தில் பெற்ற நேரம், பரிசோதனை தொடங்கிய நேரம். இவை ஒன்றும் புதிய வேலை இல்லை. முறையாகச் செய்கிறவர் ஏற்கெனவே குறித்து வைப்பவைதான்.

கலப்பு மாதிரியைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஓர் ஆலை நாள் முழுக்க ஒரே சீராக நீரை விடுகிறது. 23 மணி நேரம் அதன் வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது சி.ஓ.டி., லிட்டருக்கு 100 மில்லிகிராம். இரவில் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் 3,000. மணிக்கொரு தரம் எடுத்து ஒன்றாகக் கலந்தால் வரும் சராசரி 221. வரம்பு 250. அறிக்கை "தேறியது" என்று வரும். அந்த ஒரு மணி நேரத்தில் ஓடையில் இருந்த மீன் எல்லாம் செத்து மிதக்கும். சுத்திகரிப்பு நிலையம் பொதுவாக எப்படி இயங்குகிறது என்று பார்க்கக் கலப்பு மாதிரி நல்லது. திருட்டுத்தனமான வெளியேற்றத்தைப் பிடிக்க அது உதவாது. உடனடி மாதிரிதான் வேண்டும். எந்தப் புகாருக்கு எந்த மாதிரி என்று வாரியம் எழுத்தில் ஒரு விதி வைக்க வேண்டும், அறிக்கையிலும் எந்த வகை என்று குறிப்பிட வேண்டும்.

இப்போது அந்த அறிக்கை ஊருக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ, "மூன்றாம் தரப்பினரின் தகவல்" என்று மறுத்தாலோ முதல் மேல்முறையீடு; அதற்கு 30 முதல் 45 நாள். பிறகு தகவல் ஆணையம். அங்கே எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல முடியாது. மறுபக்கம், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 14ஆம் பிரிவின்கீழ் மனுப்போட ஆறு மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். நீர்ச் சட்டத்தின்கீழ் குடிமகனே நேராக நீதிமன்றம் போக வேண்டுமானால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அப்படிப் புகார் தாக்கல் செய்தவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அறிக்கை கையில் இல்லாமல் எந்த ஆதாரத்தை வைத்து முதலில் புகார் தாக்கல் செய்வது? ஆலைக்காரருக்கு நகல் தபாலில் வீடு தேடிப் போகிறது. பாதிக்கப்பட்டவர் ஆறு மாதக் கெடுவில் பாதியை அதே காகிதத்தைத் தேடுவதிலேயே செலவழிக்கிறார்.

வழக்கை விடுங்கள். கிணற்றுத் தண்ணீரை மஞ்சளுக்குப் பாய்ச்சலாமா, பாலுக்கு வைத்திருக்கும் மாட்டுக்குக் காட்டலாமா என்று ஒரு குடும்பம் இன்று முடிவெடுக்க வேண்டும். நாற்பத்தைந்தாம் நாள் வரும் எண் அந்த முடிவுக்கு எந்த விதத்திலும் உதவாது.

உடனே வெளியிடுவது முடியாத காரியம் என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறோம், ஏனென்றால் நீங்களே ஒரு முறை செய்து காட்டியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில், உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆலை வாசலருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் என்று அளந்த எண்களை வாரியம் மறுநாளே வெளியில் சொன்னது. காற்றுக்கு 24 மணி நேர வரம்பு 400, கடல்நீருக்கு 5 என்பதையும் சேர்த்தே சொன்னது. எத்தனையோ வதந்தி பரவியிருக்க வேண்டிய நாளில், கையில் பிடித்துக்கொள்ள ஓர் எண் இருந்தது. மருத்துவமனையில் கேட்கவும், ஆட்சியரிடம் பேசவும், தீர்ப்பாயத்தில் வாதிடவும் அந்த எண் பயன்பட்டது. பேரிடர் நாளில் செய்ததைச் சாதாரண நாளிலும் செய்யுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். உப்பும் குரோமியமும் ஒரே இரவில் ஊரை ஓட வைப்பதில்லை; அதனால்தான் அவற்றின் எண் வெளியே வருவதும் இல்லை.

இணையவழித் தொடர் கண்காணிப்பு பற்றி. மாசு மிகுந்த 17 வகைத் தொழில்களில் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம், அந்தத் தரவு மாநில வாரியங்களின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்றது. கருவி இருப்பது நல்லது. ஆனால் கருவியை எப்படி ஏமாற்றுவது என்பது களத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உணரியை நல்ல தண்ணீர் உள்ள வாளியில் போட்டுவிடலாம். கருவியின் மேல் எல்லையை வரம்புக்குச் சற்றுக் கீழேயே அமைத்துவிடலாம். அதற்கு மேல் அது காட்டாது. வெளியேற்றும் இடத்துக்கு முன்னால் நல்ல தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்யலாம். "இயந்திரம் பழுது" என்று அந்த நேரத்துக்கு மட்டும் தரவை நிறுத்தலாம். இவை எல்லாமே தரவிலேயே தடம் விட்டுச் செல்லும். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் ஒரே எண், ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் விழும் இடைவெளி, வரம்பு 100 என்றால் எப்போதும் 98ஐத் தொட்டு அந்த 100ஐத் தாண்டாத கோடு. ஒரு கல்லூரி மாணவர்கூட இதைக் கண்டுபிடிக்கலாம், பழைய தரவு கையில் கிடைத்தால். இந்த நிமிடத்தின் எண்ணைத் திரையில் காட்டுவது மட்டும் போதாது. 15 நிமிடச் சராசரித் தரவை, கடைசியாக அளவுதிருத்தம் செய்த தேதியோடும் கருவியின் அளவு எல்லையோடும், ஐந்தாண்டுக்குப் பதிவிறக்கும் வகையில் வையுங்கள். எந்த எண்ணையும் நீங்கள் சரிபார்க்கும் முன்னாலேயே நாங்கள் பார்த்துச் சொல்ல முடியும். உங்கள் வேலைப்பளு அதனால் குறையும்.

திருப்பூர்ப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இதைவிட முக்கியமானது உப்புக் கணக்கு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டச் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. அதற்குப் பிறகு ஆர்.ஓ. சவ்வு, ஆவியாக்கி என்று பெரும் முதலீடு வந்தது. அந்த உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெளியேற்றமே இல்லை என்பதை வெளியேறும் குழாயைப் பார்த்து நிரூபிக்க முடியாது, குழாய்தான் இல்லையே. கணக்கால்தான் நிரூபிக்க முடியும்.

நாளுக்கு 1,000 கிலோலிட்டர் கழிவுநீர் வரும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதில் கரைந்த உப்பு லிட்டருக்கு 6,000 மில்லிகிராம். அப்படியானால் நாளொன்றுக்கு 6 டன் உப்பு உள்ளே வருகிறது. மாதம் 180 டன். ஒரு பகுதி செறிந்த உப்புநீராகத் திரும்பச் சாயத் தொட்டிக்குப் போகும். மீதி ஆவியாக்கியில் காய்ந்து கலவை உப்பாக மூட்டையில் சேரும். முழுவதும் மூட்டையானால் 50 கிலோ மூட்டை 3,600. இதில் எவ்வளவு திரும்பப் பயன்பட்டது, எத்தனை மூட்டை கொட்டகையில் இருக்கிறது, எத்தனை எங்கே அனுப்பப்பட்டது? மூன்றையும் கூட்டினால் 180 டன் வர வேண்டும். வராவிட்டால் மிச்சம் ஆற்றிலோ நிலத்தடியிலோ இருக்கிறது. கூடவே, சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின் அளவி, ஆவியாக்கிக்கு எரித்த விறகு அல்லது நிலக்கரியின் எடை. உற்பத்தி ஏறிய மாதத்தில் ஆவியாக்கியின் எரிபொருள் இறங்கியிருந்தால் வேறு சாட்சியம் தேவையில்லை. கலவை உப்பு மூட்டைகளையும் நேரில் எண்ணுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். மழை நாளில் மூட்டை கசிந்து, கொட்டகையின் தரை ஓரமாக வெள்ளைப் படிவம் வடிகாலை நோக்கி நீண்டிருக்கும். தரையில் கசிவு பிடிக்கும் கரை இல்லாத கொட்டகை, மெதுவாகத் திறந்துவிடும் குழாய்தான்.

சேர்த்து வைத்த கழிவு எவ்வளவு என்று யாரும் எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் வளாகத்தில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டியில் எத்தனை கன மீட்டர் கசடு, அதற்கு அனுமதி எவ்வளவு என்ற இரண்டு எண்கள் மாதந்தோறும் வெளியில் இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

இழப்பீட்டுத் தொகை பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். மத்திய வாரியத்தின் சூத்திரப்படி மாசுக் குறியீடு, மீறிய நாட்கள், ஆலையின் அளவு, ரூபாய்க் காரணி, மக்கள்தொகைக் காரணி ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். மாசு மிகுந்த தொழில்கள் அடங்கிய சிவப்புப் பிரிவுக்குக் குறியீடு 80, பெரிய ஆலைக்கு 1.5, ரூபாய்க் காரணி 250, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள ஊருக்கு 1. பெருக்கினால் நாளுக்கு 30,000 ரூபாய். 1,000 கிலோலிட்டர் விடும் ஆலைக்கு இது கிலோலிட்டருக்கு 30 ரூபாய். கடைசிச் சொட்டு வரை ஆவியாக்கிச் சுத்திகரிக்க அதைவிடப் பல மடங்கு ஆகும். அபராதம் கட்டுவதே லாபம் என்ற கணக்கை யாரும் போடாமல் இருக்க வேண்டுமானால், இந்தச் சூத்திரத்தை மேல் எல்லையாகக் கொள்ளாமல் அடித்தளமாகக் கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம், நீர்ச் சட்டத்தின் 33ஏ, காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவுகளின்கீழ் மாசு வாரியங்களே சீரமைப்புக்கான இழப்பீட்டை விதிக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. நஞ்சேறிய மண்ணையும் கிணற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை ஆலையிடமிருந்து பெறும் வழி இப்போது திறந்திருக்கிறது. விதித்தது எவ்வளவு, வசூலித்தது எவ்வளவு, எந்த ஊரில் எதற்குச் செலவானது என்ற பட்டியலை ஆலைவாரியாக வெளியிடுங்கள். மீறல் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிந்தது என்று கணக்கிட்டீர்கள் என்பதையும் அதில் சேருங்கள். தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த இரண்டு தேதிகள்தான்.

மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலையுடையது என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்திய நீதிமன்றத்தில் வேரூன்றியது நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலை வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று. நாடு முழுவதும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. அது பிறந்த மண்ணில் அறிக்கையின் நகலுக்கு மக்கள் அலைய வேண்டியிருப்பது எங்களை வருத்துகிறது.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றிச் சுருக்கமாக. சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடக்கும் இந்தக் கூட்டத்துக்கு, 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும், முழுவதும் படம்பிடிக்க வேண்டும், முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களின் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது அவசரத்தில் விடுபட்டால், சொன்ன ஆட்சேபணை ஒன்று, குறிப்பில் ஏறியது வேறு என்று ஆகிவிடும். வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று உங்கள் பொறியாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். சுருக்கம் மட்டும் தமிழில், நூற்றுக்கணக்கான பக்க வரைவுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆங்கிலத்தில் என்ற நிலை மாற வேண்டும். இன்னொன்று: அந்த அறிக்கைக்கான அடிப்படைத் தரவை மழையில்லாத ஒரு பருவத்தில், பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை, எடுத்தால் போதும் என்ற பழக்கம். நம் கடலோர மாவட்டங்களுக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறது. வெள்ளம் எந்த வழியாகப் போகும், ஆலை வளாகத்து நீர் எந்த ஏரியில் சேரும் என்பது கோடையில் எடுத்த தரவில் இருக்கவே இருக்காது. அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் வாரியமே கேட்க வேண்டும்.

ஆலை கழிவுநீரை வெளியேற்ற வாரியம் தரும் இசைவாணையின் நிபந்தனைகளையும் தமிழில் கேட்கிறோம். நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி வாரியம் அவற்றுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட எவரும் அதைப் பார்வையிடலாம். அதை இணையத்தில் ஏற்றிவிட்டால் ஆலை நாளுக்கு எத்தனை கிலோலிட்டர் எடுக்கலாம், எத்தனை விடலாம் என்று ஊருக்குத் தெரியும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டிய அரையாண்டு நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகளும் பொது ஆவணங்கள்தான். அவற்றையும் அதே பக்கத்தில் வையுங்கள்.

புகார் சொல்லும் எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது, அதைச் சரிசெய்ய நாங்கள் தயார். "ஆறு நாறுகிறது" என்ற ஒரு வரிப் புகாரை வைத்து எந்த அதிகாரியும் எதையும் செய்ய முடியாது. ஊர்களில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: நேரத்தைக் குறி. கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒரு படம், கீழே ஒரு படம், இருப்பிடம் பதியும்படி எடு. நிறம், நாற்றம், நுரை மூன்றையும் தனித்தனியாக எழுது. நுரை மட்டும் இருந்தால் சாயக்கழிவு என்று முடிவு கட்டாதே. வீட்டுச் சாக்கடையில் வரும் சோப்பும் தடுப்பணையில் விழும்போது அதே நுரையைத் தரும். கையடக்க மின்கடத்துதிறன் மானியை 1,413 அளவுள்ள திருத்தக் கரைசலில் சரிபார்த்துவிட்டு ஆற்றில் வை. அது 3,300 காட்டினால், 0.64ஆல் பெருக்க, கரைந்த உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 2,110 மில்லிகிராம் என்று வரும். உங்கள் வாரியம் கரைந்த உப்புக்கு வைத்திருக்கும் வரம்பு 2,100. சாக்கடை மட்டும் கலந்த ஆற்றில் அந்த அளவு எளிதில் வராது. எங்கள் அளவீடு நீதிமன்றத்துக்கு ஆகாது என்பது தெரியும். உங்கள் குழு எந்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு எங்கே வர வேண்டும் என்று சொல்ல அது போதும். இந்த விவரங்களைக் கேட்கும் ஒரு புகார்ப் படிவத்தை நீங்கள் தமிழில் வெளியிட்டால், வீண் புகார் தானாகவே குறையும். ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுங்கள். மாதிரி எடுத்தீர்களா, எப்போது, முடிவு என்ன என்பது அந்த எண்ணின் கீழே தெரியட்டும்.

இவற்றில் பலவற்றுக்குக் காலமும் பணமும் தேவை. நான்காவது நகலுக்குத் தேவையில்லை. சட்டத்திருத்தமும் வேண்டாம்; தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையை ஏற்கெனவே உங்கள்மீது வைத்திருக்கிறது. ஆலைக்காரருக்கு அறிக்கை அனுப்பும் அதே நாளில், அதே காகிதத்தை, சம்பந்தப்பட்ட ஊராட்சிக்கும் புகார் கொடுத்தவருக்கும் அனுப்பி இணையதளத்திலும் ஏற்ற வேண்டும் என்று வாரியக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நொய்யல், பாலாறு, கொசஸ்தலை ஆகிய மூன்று ஆறுகளில் இதைத் தொடங்கக் கோருகிறோம். இந்த மடலுக்கான பதிலையும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் முடியும் அல்லது முடியாது, முடியாவிட்டால் ஏன் என்ற விளக்கத்தோடு, தமிழில், வாரியத்தின் இணையதளத்திலேயே வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நொய்யல், பாலாறு, கொசஸ்தலை ஆற்றங்கரைக் குடிமக்கள்